ஆசியக் கிண்ணத்தில் ஒரு தேசிய அணி: ஆட்டம் ஆட்டமாகப் பதிவேடு தயாரிக்கும் முறை

உலகக் கிண்ணம் வந்தால் யாழ்ப்பாணத்துக் கழக அறைகளிலும் சனசமூக நிலைய வாசிகசாலைகளிலும் போட்டி அட்டவணை சுவரில் ஏறிவிடும். ஆசியக் கிண்ண உதைபந்தாட்டத்துக்கு அந்த இடம் கிடைப்பது குறைவு. இலங்கை அணி அந்தக் கிண்ணத்தில் என்ன செய்தது என்று கேட்டால் "இறுதிச்சுற்றுக்குப் போனதே இல்லை" என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த வரி சரியானதுதான். ஆனால் தகுதிகாண் ஆட்டங்களும் வரலாறுதான். திகதி, இடம், எதிரணி, கோல் எல்லாவற்றோடும் அவற்றை ஒரு கொப்பியில் ஏற்றினால் ஊர்ப் பிள்ளைகள் நம்பிப் புரட்டக்கூடிய பதிவேடு ஒன்று கிடைக்கும்.

அந்தப் பதிவேட்டையும், அதிலிருந்து சுவர் மட்டையையும் தயாரிக்கும் முறை இங்கே இருக்கிறது. பழகுவதற்கு இந்திய அணியை எடுத்துக்கொள்கிறோம். அதன் இறுதிச்சுற்று ஆட்டங்கள் 16 மட்டுமே என்பதால் கணக்கைக் கையாலேயே சரிபார்க்கலாம். கைபழகியபின் இலங்கை. சிக்கல்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

ஒரு விதியை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எங்கோ கிடைத்த மொத்தக் கணக்கைப் பார்த்து எழுதக்கூடாது. ஒவ்வொரு ஆட்டத்தையும் தனி நிரையாக எழுதி, மொத்தத்தை அதிலிருந்து நீங்களே கூட்டி எடுக்க வேண்டும். பிழைகளில் பெரும்பாலானவை மொத்தத்தைப் பிரதி பண்ணுவதால் வருகின்றன.

எதை எண்ணுவது, எதை விடுவது

ஆசியக் கிண்ணம் 1956இல் ஹொங்கொங்கில் 4 அணிகளோடு தொடங்கியது. 2023ஆம் ஆண்டுப் பதிப்பு வரை 18 பதிப்புகள் நடந்துள்ளன. 19ஆவது 2027இல் சவூதி அரேபியாவில். ஆக, பதிப்புப் பட்டியலுக்கு 18 நிரைகளும் அடுத்ததற்கு ஒன்றும் ஒதுக்குங்கள்.

பதிப்பின் ஆண்டும் ஆட்டம் நடந்த ஆண்டும் எப்போதும் ஒன்றல்ல. 2023 பதிப்பை நடத்தவேண்டிய சீனா விலகியதால் அது கட்டாருக்குப் போய், 2024 ஜனவரி 12 முதல் பெப்ரவரி 10 வரை நடந்தது. "2024 ஆசியக் கிண்ணம்" என்று ஒருவர் எழுத, "2023" என்று இன்னொருவர் எழுத, ஒரே சுற்றுப்போட்டி இரண்டு நிரைகளில் ஏறிவிடும். இதைத் தவிர்க்கப் பதிப்புக்கு ஒரு நிரலும் திகதிக்கு ஒரு நிரலும் தனித்தனியாக வேண்டும். 1956 முதல் 2004 வரை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒழுங்காகப் போன கணக்கு அதன்பின் 2007க்குத் தாவி, 2011, 2015, 2019 என்று தொடர்ந்தது. நான்கு நான்காகக் கூட்டிக்கொண்டு போய் "2008 ஆசியக் கிண்ணம்" என்று இல்லாத ஒன்றை எழுதிவிடாதீர்கள்.

பெயர் ஒத்திருப்பதால் உள்ளே நுழையும் வேறு போட்டிகளும் உண்டு. ஆசிய விளையாட்டு விழா வேறு: 1951இலும் 1962இலும் இந்தியா அதில்தான் உதைபந்தாட்டத் தங்கம் வென்றது. 23 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கிண்ணம் வேறு. 2016இல் மலேசியாவில் நடந்த சொலிடாரிட்டி கிண்ணமும் வேறு. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1–0 என்று வென்று இலங்கை எடுத்தது தெற்காசியக் கிண்ணம். அது எங்கள் உதைபந்தாட்டத்தின் பெருமைமிக்க நாள்களில் ஒன்று, ஆனால் இந்தக் கொப்பிக்குள் அதற்கு இடமில்லை. அதற்கு வேறொரு கொப்பி தொடங்குங்கள்.

ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு (ஏ.எஃப்.சி.) நடத்திய சலஞ்ச் கிண்ணத்துக்கு மட்டும் நின்று யோசிக்க வேண்டும். அது தனிச் சுற்றுப்போட்டி. ஆனால் 2008, 2010 ஆண்டுகளில் வென்ற அணிகளுக்கு 2011 ஆசியக் கிண்ண இடமும், 2012, 2014 ஆண்டுகளில் வென்ற அணிகளுக்கு 2015 ஆசியக் கிண்ண இடமும் கிடைத்தன. 2008இல் வென்ற இந்தியா 2011க்குப் போனது அந்த வழியால்தான். 2010, 2012 இரண்டையும் வட கொரியாவும் 2014ஐப் பலஸ்தீனமும் வென்றன. அக்காலத்தில் இலங்கை போன்ற அணிகளுக்கு ஆசியக் கிண்ணத்துக்குத் திறந்திருந்த வாசல் அது ஒன்றே. 2008 சலஞ்ச் கிண்ணத்தில் இலங்கை ஆடியது. 2010இல் அதைக் கொழும்பில் தானே நடத்தியது. இந்த ஆட்டங்களைத் தகுதிகாண் ஆட்டங்களோடு கலக்காமல், "மாற்றுவழி" என்று தலைப்பிட்டு வேறு பக்கத்தில் எழுதுவதே சரி என்பது எங்கள் முடிவு. கலந்தால் மொத்தம் வீங்கும். விட்டுவிட்டால், 2011க்கும் 2015க்கும் இலங்கை முயலவே இல்லை என்ற பொய்த்தோற்றம் வரும். 2006இல் பங்களாதேஷில் நடந்த முதல் சலஞ்ச் கிண்ணத்தில் இலங்கை தஜிகிஸ்தானிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றது. அந்தமுறை ஆசியக் கிண்ண இடம் பரிசாக இல்லை. ஆகவே அது மாற்றுவழிப் பக்கத்திலும் வராது.

கொப்பியும் நிரல்களும்

120 அல்லது 200 பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று போதும். மட்டை கெட்டி, தையல் கெட்டி, பல ஆண்டு தாங்கும். இரண்டு பக்கத்தையும் விரித்து ஒரே அட்டவணையாகக் கோடு போடுங்கள். ஒற்றைப் பக்கத்தில் நிரல்கள் நெருக்குப்படும். கணினி இருந்தால் எக்செல்லிலும் ஏற்றலாம், ஆனால் கொப்பியைக் கைவிடாதீர்கள். கணினிப் பிரதியில் ஒரு நிரை தவறி அழிந்தால் ஒருவருக்கும் தெரியாது. கொப்பியில் அழித்த தடம் இருக்கும்.

இடது பக்கத்தில்: தொடர் எண், பதிப்பு, கட்டம் (போட்டியின் எந்தச் சுற்று), திகதி, மைதானமும் நகரும், ஆடுதளம் (சொந்தம், எதிரணி, நடுநிலை), எதிரணி.

வலது பக்கத்தில்: நமது கோல், எதிரணிக் கோல், மேலதிக நேரம் அல்லது சமநிலைத் தவிர்ப்பு உதை, நிலை (ஆடியது, வழங்கப்பட்டது, இரத்து), கோல் அடித்தோர், எங்கிருந்து எடுத்தது, குறிப்பு.

நமது கோலையும் எதிரணிக் கோலையும் இரண்டு நிரலாகப் பிரிப்பதை விட்டுக்கொடுக்க வேண்டாம். பத்திரிகைகளும் இணையத்தளங்களும் பெரும்பாலும் சொந்த மைதான அணியை முதலில் எழுதும். "3–2" என்று கண்டதை அப்படியே ஒரே கட்டத்தில் எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து யார் மூன்று, யார் இரண்டு என்பது தெரியாமல் போகும். எக்செல்லில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே கட்டத்தில் 2-3 என்று தட்டச்சுச் செய்தால் அது அதைத் திகதியாக்கிவிடும். ஆட்டத் திகதியையும் 05/09/2019 என்று எழுதாதீர்கள். கணினியின் அமைப்பைப் பொறுத்து அது செப்டெம்பர் 5 ஆகவும் வரும், மே 9 ஆகவும் வரும். 2019-09-05 என்று ஆண்டு, மாதம், நாள் ஒழுங்கில் எழுதினால் குழப்பமும் இல்லை, ஒழுங்குபடுத்துவதும் சுலபம்.

"வெற்றி", "தோல்வி" என்று கையால் எழுத வேண்டாம். இரண்டு கோல் நிரல்களையும் ஒப்பிட்டு முடிவைக் கணினியே எழுதும்படி ஒரு சூத்திரம் போடுங்கள். கொப்பியில் என்றால் எல்லா நிரைகளும் முடிந்தபின் ஒரே அமர்வில் முடிவுகளைக் குறியுங்கள். எழுத எழுதக் குறித்தால் கை தானாகவே முந்திய நிரையின் முடிவைத் திருப்பி எழுதும்.

இந்தியாவோடு ஒரு பயிற்சி

இந்தியா ஐந்து பதிப்புகளின் இறுதிச்சுற்றில் ஆடியது. அந்த 16 ஆட்டங்களையும் எழுதிப் பாருங்கள்.

1964, இஸ்ரேல்: தென் கொரியாவை 2–0 வென்றது, இஸ்ரேலிடம் 0–2 தோற்றது, ஹொங்கொங்கை 3–1 வென்றது.

1984, சிங்கப்பூர்: சிங்கப்பூரிடம் 0–2, ஐக்கிய அரபு இராச்சியத்திடம் 0–2, ஈரானோடு 0–0, சீனாவிடம் 0–3.

2011, கட்டார்: அவுஸ்திரேலியாவிடம் 0–4 (ஜனவரி 10), பஹ்ரேனிடம் 2–5 (ஜனவரி 14), தென் கொரியாவிடம் 1–4 (ஜனவரி 18).

2019, ஐக்கிய அரபு இராச்சியம்: தாய்லாந்தை 4–1 வென்றது (ஜனவரி 6), போட்டியை நடத்திய நாட்டிடம் 0–2 (ஜனவரி 10), பஹ்ரேனிடம் 0–1 (ஜனவரி 14).

2023 பதிப்பு, கட்டார், ஆடியது 2024 ஜனவரி: அவுஸ்திரேலியாவிடம் 0–2 (13ஆம் திகதி), உஸ்பெகிஸ்தானிடம் 0–3 (18), சிரியாவிடம் 0–1 (23).

கூட்டினால் 16 ஆட்டம், 3 வெற்றி, 1 சமநிலை, 12 தோல்வி, அடித்தது 12, வாங்கியது 33 என்று வரவேண்டும். வராவிட்டால் நிரைகளுக்குத் திரும்புங்கள். மொத்தத்தைத் திருத்தி ஒப்பேற்ற வேண்டாம்.

மூன்று சரிபார்ப்புகள் செய்ய வேண்டும். முதலாவது சாதாரணமானது: வெற்றி, சமநிலை, தோல்வி மூன்றும் கூடி ஆட்ட எண்ணிக்கைக்குச் சமமாக வேண்டும். 3 + 1 + 12 = 16.

இரண்டாவது கோல் அடித்தவர்களைக் கொண்டு. அப்பலராஜு 1, இந்தர் சிங் 2, சுனி கோஸ்வாமி 1, சமாஜ்பதி 1, கௌரமாங்கி சிங் 1, சுனில் செத்ரி 4, அனிருத் தாபா 1, ஜெஜே 1. கூட்டினால் 12. அடித்த கோல் நிரலும் 12. இரண்டும் பொருந்துகின்றன. பொருந்தாத அணிகளில் பெரும்பாலும் காரணம் சொந்தக் கோலாக இருக்கும். எதிரணி வீரர் தன் வலைக்குள் அடித்த கோல் நமது கோல் நிரலில் வரும், நமது வீரர் எவருடைய பெயரிலும் வராது. அடித்தோர் நிரலில் "சொ.கோ." என்று குறித்தால் கணக்கு நேராகும்.

மூன்றாவது கொஞ்சம் உழைப்புக் கேட்கும், ஆனால் பிழை பிடிப்பதில் இதைவிட நல்ல வழி இல்லை. குறித்த பதிப்பில் நமது அணி மட்டுமின்றி, அந்தக் குழுவின் எல்லா ஆட்டங்களையும் எழுதிப் பார்ப்பது. 1964ஐ எடுங்கள். 4 அணிகள், ஒவ்வொன்றும் மற்றவற்றோடு ஒருமுறை, ஆக 6 ஆட்டங்கள். இந்தியாவின் மூன்று ஆட்டங்கள் மேலே இருக்கின்றன. மற்ற மூன்றில் இஸ்ரேல் ஹொங்கொங்கை 1–0 எனவும் தென் கொரியாவை 2–1 எனவும், தென் கொரியா ஹொங்கொங்கை 1–0 எனவும் வென்றன. அடித்த கோல்: இஸ்ரேல் 5, இந்தியா 5, தென் கொரியா 2, ஹொங்கொங் 1; மொத்தம் 13. வாங்கிய கோல்: இஸ்ரேல் 1, இந்தியா 3, தென் கொரியா 4, ஹொங்கொங் 5; அதுவும் 13. ஓர் ஆட்டத்தின் கோலைத் தலைகீழாக எழுதியிருந்தால்கூட மொத்தங்கள் சமமாகவே வரும், அதை இந்தக் கூட்டல் காட்டாது. ஆகவே புள்ளியையும் பாருங்கள். அந்நாளில் வெற்றிக்கு 2 புள்ளி: இஸ்ரேல் 6, இந்தியா 4, தென் கொரியா 2, ஹொங்கொங் 0. இதுவே அந்த ஆண்டின் முதல் நான்கு இடங்களின் ஒழுங்கும் ஆகும். கோல் மொத்தமும் புள்ளி ஒழுங்கும் இரண்டும் பொருந்தினால் அந்தப் பக்கத்தை நம்பலாம்.

இந்தப் பயிற்சியில் இன்னொரு விஷயமும் தெரியவரும். 1964இல் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. ஆனால் இறுதியாட்டம் ஒன்றில் தோற்று அல்ல. அந்தப் பதிப்பில் இறுதியாட்டமே கிடையாது. "இறுதியாட்டத்தில் இஸ்ரேலிடம் தோற்றது" என்று எழுதுவது பிழை. 1956 முதல் 1968 வரை எல்லாப் பதிப்புகளிலும் இதே சுழல்முறைதான் இருந்தது. "இரண்டாமிடம்" என்று மட்டும் எழுதி நிறுத்துங்கள்.

இலங்கைப் பக்கம்: வழங்கப்பட்டதும் இரத்தானதும்

2019 பதிப்பு முதல் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் ஆரம்பச் சுற்றுகள் உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுகளோடு இணைக்கப்பட்டன. ஒரே ஆட்டம் இரண்டு கிண்ணத்துக்கும் கணக்கு. 2015 மார்ச் 12இல் கொழும்பில் பூட்டானிடம் 0–1, 17ஆம் திகதி திம்புவில் 1–2 என்று இலங்கை தோற்றதைப் பலர் உலகக் கிண்ணக் கதையாக மட்டும் சொல்வார்கள். அது 2019 ஆசியக் கிண்ணக் கதவும் மூடிய இடம். தரவரிசையின் அடிமட்டத்தில் இருந்த பூட்டான் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் முதன்முதலாக ஆடியதும் வென்றதும் அந்த மார்ச் 12இல்தான். கட்டம் நிரலில் "இணைந்த தகுதிகாண், சுற்று 1" என்று எழுதுங்கள்.

இணைந்த சுற்றுகளை உலகக் கிண்ணப் பட்டியலிலிருந்து எடுக்கும்போது வால் அறுந்துபோகும் ஆபத்து உண்டு. 2023 பதிப்புக்கான தகுதிகாண் போட்டியில் முதல் இரண்டு சுற்றுகள் இணைந்தவை. மூன்றாவது சுற்று ஆசியக் கிண்ணத்துக்கு மட்டும். அதில் 2022 ஜூனில் உஸ்பெகிஸ்தானின் நமங்கானில், உஸ்பெகிஸ்தான், தாய்லாந்து, மாலைதீவு அணிகளோடு இலங்கை மூன்று ஆட்டங்கள் ஆடியது. உலகக் கிண்ணப் பட்டியலில் இந்த மூன்றும் இருக்காது. 2024 செப்டெம்பரில் கம்போடியாவோடு ஆடிய இரு ஆட்டங்களும் அப்படியே.

இனிக் கடினமான பகுதி. 2023 பதிப்பின் இணைந்த இரு சுற்றுகளையும் பொறுமையாக எழுதுங்கள்.

சுற்று 1: 2019 ஜூன் 6, மக்காவுவிடம் 0–1. இரண்டாவது ஆட்டம் ஜூன் 11 கொழும்பில் நடக்க இருந்தது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் பாதுகாப்பைக் காரணம் காட்டி மக்காவு வரவில்லை. பிஃபா அந்த ஆட்டத்தை இலங்கைக்கு 3–0 என வழங்கியது. மொத்தம் 3–1 என்று இலங்கை அடுத்த சுற்றுக்குப் போனது.

சுற்று 2, எச் குழு: துர்க்மெனிஸ்தானிடம் 0–2, 0–2, தென் கொரியாவிடம் 0–8, 0–5, லெபனானிடம் 0–3, 2–3, வட கொரியாவிடம் 0–1 (2019 செப்டெம்பர் 10, கொழும்பு). 2021 மே மாதத்தில் வட கொரியா போட்டியிலிருந்து விலகியது. அதன் ஆட்டங்கள் குழுக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. லெபனானுக்கு எதிரான இரு கோல்களையும் அடித்தவர் வசீம் ராசீக்.

மைதானத்தில் ஆடியதை மட்டும் எண்ணினால்: 8 ஆட்டம், 8 தோல்வி, அடித்தது 2, வாங்கியது 25.

அதிகாரபூர்வக் கணக்கில், வழங்கப்பட்டதைச் சேர்த்து, இரத்தானதை நீக்கினால்: 8 ஆட்டம், 1 வெற்றி, 7 தோல்வி, அடித்தது 5, வாங்கியது 24.

இரண்டிலும் ஆட்ட எண்ணிக்கை 8தான். இதுதான் பொறி. ஆடாத ஆட்டம் ஒன்று சேர, ஆடிய ஆட்டம் ஒன்று கழிய, எண்ணிக்கை சமமாகி நிற்கும். வெற்றி, சமநிலை, தோல்வி கூட்டிப் பார்க்கும் முதலாவது சரிபார்ப்பு இரண்டுக்கும் "சரி" என்றே சொல்லும். ஒரு மூலத்திலிருந்து ஆட்ட எண்ணிக்கையையும் இன்னொன்றிலிருந்து கோலையும் எடுத்தால் பிடிக்கவே முடியாத பிழை உள்ளே உட்கார்ந்துவிடும்.

"நிலை" என்ற நிரல் இதற்காகவே. ஆடியது, வழங்கப்பட்டது, இரத்து என்று ஒவ்வொரு நிரையிலும் மூன்றில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஆடுகளக் கணக்குக்கு "ஆடியது", "இரத்து" இரண்டையும் கூட்டுங்கள். அதிகாரபூர்வக் கணக்குக்கு "ஆடியது", "வழங்கப்பட்டது" இரண்டையும் கூட்டுங்கள். சுவர் மட்டையில் எது வருகிறது என்று கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அதிகாரபூர்வக் கணக்கையே மட்டைக்குப் பரிந்துரைக்கிறோம், ஏனென்றால் அடுத்த சுற்றுக்குப் போனதா இல்லையா என்பதை அதுவே விளக்கும். ஆனால் வட கொரியாவோடு கொழும்பில் 90 நிமிடம் ஓடிய வீரர்களுடைய ஆட்டம் கொப்பியிலிருந்து மறையக்கூடாது. வழங்கப்பட்ட 3–0இல் கோல் அடித்தோர் நிரல் வெறுமையாக இருக்கும். கோல் அடித்தோர் சரிபார்ப்பில் அந்த 3ஐக் கழித்தே ஒப்பிட வேண்டும்.

சமநிலைத் தவிர்ப்பு உதையும் மேலதிக நேரமும்

மேலதிக நேரத்தில் விழுந்த கோல் ஆட்டத்தின் கோல்தான். 2011 இறுதியாட்டத்தில் ஜப்பான் அவுஸ்திரேலியாவை மேலதிக நேரத்தில் 1–0 என வென்றது. அது வெற்றி என்றே பதிவாகும். சமநிலைத் தவிர்ப்பு உதை அப்படியல்ல. கம்போடியாவோடு இரு ஆட்டங்களும் 0–0, 2–2 என முடிந்து, சமநிலைத் தவிர்ப்பு உதையில் இலங்கை 4–2 என்று முன்னேறியது. பதிவேட்டில் அது இரண்டு சமநிலை. "4–2" என்பது தனி நிரலில் போகும், கோல் நிரலுக்குள் ஒருபோதும் வராது. 1988, 1996 இறுதியாட்டங்களும் 0–0 என முடிந்து இப்படியே தீர்ந்தவை. இரண்டையும் சவூதி அரேபியா கிண்ணமாக்கியது, ஆனால் ஆட்டக் கணக்கில் அவை சமநிலைகள்.

சொந்த மைதானம் எது

போட்டித் தாளில் யார் "சொந்த" அணி என்பதும் ஆட்டம் எங்கே நடந்தது என்பதும் இரண்டு கேள்விகள். மக்காவுவின் "சொந்த" ஆட்டம் சீனாவின் ஜூஹாய் நகரில் நடந்தது. 2023 ஒக்ரோபரில் யேமன் இலங்கையை 3–0 என வென்ற ஆட்டம் சவூதி அரேபியாவின் அப்ஹாவில் நடந்தது. கொவிட் காலத்தில், 2021 ஜூனில், எச் குழுவின் மிச்ச ஆட்டங்கள் எல்லாம் தென் கொரியாவின் கொயாங்கில் ஒரே இடத்தில் நடந்தன. அங்கே தென் கொரியாவிடம் 0–5 என்று தோற்ற ஆட்டம் தாளில் இலங்கையின் சொந்த ஆட்டம்! ஆடுதளம் நிரலில் எழுதவேண்டியது ஆட்டம் உண்மையில் நடந்த இடத்தைப் பார்த்து: கொயாங் என்றால் "எதிரணி", அப்ஹா என்றால் "நடுநிலை". தாளில் இருந்ததைக் குறிப்பு நிரலில் எழுதுங்கள். இல்லாவிட்டால் "சொந்த மண்ணில் வாங்கிய பெரிய தோல்விகள்" என்று யாராவது பட்டியல் எடுக்கும்போது கொழும்பு இரசிகர்கள் பார்க்காத ஓர் ஆட்டம் உள்ளே வந்துவிடும்.

பெயர் மாறிய நாடுகள்

1972க்கு முந்திய ஆங்கிலப் பட்டியல்களில் இலங்கை "சிலோன்" என்றே இருக்கும். இரண்டு பெயரிலும் தேடுங்கள். தமிழ்ப் பத்திரிகைகளில் முன்பும் பின்பும் "இலங்கை"தான். பர்மா மியன்மாராகவும் கெமர் குடியரசு கம்போடியாவாகவும் ஒரே நிரையில் தொடரும். தென் வியட்நாமை இன்றைய வியட்நாமோடு கூட்டாமல் தனியே வையுங்கள். 1976இல் ஆடிய தென் யேமனும் அப்படித்தான். இஸ்ரேல் 1974இல் ஆசியக் கூட்டமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. அதற்காக 1956 முதல் 1968 வரை அது ஆடிய ஆட்டங்களை அழிக்க வேண்டியதில்லை. அவுஸ்திரேலியா ஆசியக் கூட்டமைப்பில் சேர்ந்தது 2006இல். அதற்கு முந்திய பதிப்புகளில் அதற்கு "தகுதி பெறவில்லை" என்று எழுதக்கூடாது, "உறுப்பு நாடல்ல" என்று எழுத வேண்டும்.

இதே கவனம் இலங்கைக்கும் வேண்டும். தகுதிகாண் போட்டியில் ஆடித் தோற்றது, பெயர் கொடுத்துவிட்டு விலகியது, பெயரே கொடுக்காதது, தடையில் இருந்தது ஆகிய நான்கும் நான்கு வேறு நிலைகள். 2023 ஜனவரியில் பிஃபா இலங்கையை இடைநிறுத்தி ஓகஸ்டில் தடையை நீக்கியது. அதனால் அந்த ஆண்டு தெற்காசியக் கிண்ணம் தவறியது. ஆனால் ஒக்ரோபரில் யேமனோடு ஆடிய தகுதிகாண் ஆட்டங்கள் தவறவில்லை. எது எந்த நிலை என்று உறுதியாகாத பதிப்பின் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ஊகித்து நிரப்பிய கட்டத்தைப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

எங்கே தேடுவது

அண்மைக்கால ஆட்டங்களுக்கு ஏ.எஃப்.சி., பிஃபா இணையத்தளங்களிலேயே ஆட்ட அறிக்கை கிடைக்கும். பழையவற்றுக்கு ஆர்.எஸ்.எஸ்.எஸ்.எஃப். என்ற உதைபந்தாட்டப் புள்ளிவிவரத் தளம் நல்ல தொடக்கம். அதிலிருந்து திகதியை எடுத்துக்கொண்டு பத்திரிகைக்குப் போங்கள். திகதி இல்லாமல் பத்திரிகைக் கட்டைப் புரட்டத் தொடங்கினால் ஒரு நாள் போதாது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பழைய சேகரிப்பு 1981இல் எரிக்கப்பட்டது. ஆகவே அதற்கு முந்திய ஆண்டுகளுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் நம்பியிராதீர்கள். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் ஈழநாடு, உதயன் உட்படப் பல இதழ்கள் வருடியெடுத்து வைக்கப்பட்டுள்ளன. வீட்டிலிருந்தே திறக்கலாம். அங்குள்ள பழைய இதழ்கள் பக்கப் படங்களாக இருப்பதால் சொல்லைத் தட்டித் தேடுவது பெரும்பாலும் பலிக்காது. திகதியால் இதழைத் திறந்து விளையாட்டுப் பக்கத்துக்குப் போவதே வழி.

ஆட்டம் நடந்த மறுநாள் இதழைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரவு ஆட்டமோ தூர நாட்டு ஆட்டமோ என்றால் அதற்கும் மறுநாள். செய்தியில் "நேற்று" என்று இருந்தால் இதழின் திகதியிலிருந்து ஒருநாள் கழியுங்கள். பத்திரிகைத் திகதியை ஆட்டத் திகதியாக எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. உதைபந்தாட்டம், கால்பந்தாட்டம், காற்பந்து என்று மூன்று சொல்லும் தலைப்புகளில் வரும். எதிரணி வீரர்களின் பெயர் பத்திரிகைக்குப் பத்திரிகை வேறாக எழுதப்பட்டிருக்கும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பெயர்ப் பட்டியல் ஒன்று வைத்து, ஒருவருக்கு ஒரே எழுத்துக்கூட்டலைத் தெரிவுசெய்து அதையே எங்கும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரே வீரர் இரண்டு பேராகி, கோல்கள் பிரிந்துவிடும்.

ஒரு நிரைக்கு ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு மூலங்கள் வேண்டும். இணையத்தில் ஐந்து தளங்கள் ஒரே தவறைச் சொன்னால் அது ஒரு மூலமே. இரண்டு மூலங்கள் முரண்பட்டால் இரண்டையும் குறிப்பு நிரலில் எழுதி, ஆட்ட அறிக்கைக்கு முதலிடம் கொடுங்கள்.

சுவர் மட்டை

மட்டையில் ஆட்டங்கள் வேண்டாம், பதிப்புகள் மட்டும் போதும். 18 பதிப்பு நிரைகள், 2027க்கு ஒன்று, மொத்தத்துக்கு ஒன்று என 20 நிரைகள். நிரைக்கு 3 சென்ரிமீற்றர் என்றால் 60, தலைப்புக்கு 6, ஆக நிலைக்குத்தாக 66 சென்ரிமீற்றர். பிரிஸ்டல் மட்டையை வாங்கியவுடன் அளந்து பாருங்கள். ஓரத்துக்கு இடம் போதாவிட்டால் நிரையை 2.8 ஆகக் குறையுங்கள், எழுத்தைக் குறைக்க வேண்டாம். இலக்கங்கள் ஒன்றரை சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் வாசிகசாலை மேசையில் இருப்பவருக்குத் தெரியாது. எல்லாக் கோட்டையும் முதலில் பென்சிலால் போட்டு, இலக்கங்களையும் பென்சிலால் எழுதி, இன்னொருவர் கொப்பியோடு ஒப்பிட்டு வாசித்தபின்தான் மார்க்கரை எடுக்க வேண்டும்.

கறுப்பு மார்க்கர்தான் நிலைக்கும். சிவப்பு வெயிலில் முதலில் வெளிறிவிடும். தோல்வியைச் சிவப்பில் எழுதினால் சில மாதங்களில் அந்த இலக்கங்கள் மட்டும் காணாமற்போகும். மேற்குப் பார்த்த யன்னலுக்கு எதிரே தொங்கவிடாதீர்கள். மாரி மழைக் காலத்தில் சுவர் ஈரம் ஏறி மட்டை வளையும், கறையானும் வரும். சுவரோடு ஒட்டாமல் மெல்லிய மரச் சட்டத்தில் அடித்து, பின்னால் ஒரு விரல் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள்.

பிழை கண்டவர் மட்டையில் கிறுக்கக்கூடாது. கொப்பியின் உள்மட்டையில் ஒரு கடித உறையை ஒட்டி, திருத்தம் சொல்ல விரும்புபவர் தொடர் எண், எது பிழை, எங்கே பார்த்தது ஆகிய மூன்றையும் எழுதி அதற்குள் போடட்டும். மாதம் ஒருமுறை உறையைத் திறந்து, மூலத்தைப் பார்த்துச் சரியானால் கொப்பியில் பழைய இலக்கத்தை ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் புதியதையும் திகதியையும் எழுதுங்கள். மைபூசி மறைக்க வேண்டாம். பழைய இலக்கமும் வாசிக்கத் தெரிய வேண்டும். அதன்பின் மொத்தங்களைத் திரும்பக் கூட்டி, மட்டையில் அந்தக் கட்டத்தின்மேல் அளவாக வெட்டிய வெள்ளைத் துண்டு ஒன்றை ஒட்டிப் புதிய இலக்கத்தை எழுதுங்கள்.